சப்டைட்டில் இல்லாத பிரதிகள்

சின்னம்மா படம் பார்க்கும்போது சித்தப்பா தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில், பிரம்புக் கதிரையைத் திருப்பிப் போட்டு, சின்னம்மாவுக்கு நேர் எதிரே. முதுகுக்குப் பின்னால் கேட்கும் வசனத்தை அவர் குரலில்லாமல் வாயசைத்துத் திருப்பிச் சொல்வார். சின்னம்மா ஒரு கண்ணைப் படத்திலும் மறு கண்ணைச் சித்தப்பாவின் உதட்டிலும் வைத்திருப்பார். முப்பது வயது தாண்டியபின் வந்த மூளைக்காய்ச்சல் அவருடைய கேட்கும் சக்தியை முழுவதும் கொண்டுபோயிருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்தே எல்லாம் விளங்கிக்கொள்வார். ஆனால் படத்தில் வருகிறவர்கள் நம் வசதிக்காக முகத்தைத் திருப்பி நின்று பேசுவதில்லையே. அதனால் வீடியோ கசெற் காலத்தில் அந்த வீட்டில் ஓடிய படங்கள் எல்லாவற்றையும் சித்தப்பா கேட்டவர் மட்டும்தான், பார்த்தவரல்ல.

லண்டனில் குடியேறிய மகள் டிவிடிகள் அனுப்பத் தொடங்கிய பிறகு அந்தக் கதிரை திரும்பியது. எல்லாம் அசல் தட்டுகள், ஆங்கிலச் சப்டைட்டில் உள்ளவை. சின்னம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு கப்பல் கம்பெனியில் தட்டெழுத்தாளராக இருந்தவர். ஆங்கிலம் அவருக்குத் தமிழைப் போலவே ஓடும். துறைமுகத்தில் லிகிதராக எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா, முதல்முறையாக மனைவிக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. சில படங்களில் அவர் நித்திரையாகிப் போனதைக் கண்டிருக்கிறேன்.

கடற்காற்று அந்தத் தட்டுகளைச் சும்மா விடவில்லை. ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் பூத்தது. படம் நடுவில் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மகள் ஒரு பெட்டி நிறையப் பழைய படங்களை அனுப்பியிருந்தாள். கசெற்றில் தேய்ந்துபோகும்வரை அவர்கள் பார்த்த படங்கள்தான் அவை. சித்தப்பா பெட்டியைப் பிரித்த கையோடு என்னிடம் கொண்டுவந்து தந்தார். நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்தேன்; வீட்டில் கணினி இருந்தது.

"புதுசா இருக்கேக்கையே கொப்பி எடுத்து வைப்பம், பிள்ளை. பிறகு பழுதாப் போயிடும்," என்றார்.

வெள்ளவத்தை வழியாகப் போகும் காலி வீதியில், நான் வழக்கமாகப் போகும் கணினிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். முஸ்லிம் மனிதர், நடுவயது, எதையும் விற்க அவசரப்படாதவர். "சல்லி குடுத்து எடுக்கத் தேவல்ல மிஸ். சும்மா கெடைக்கிறதே நல்லாக் கொப்பி பண்ணும்," என்று சொல்லி, ஒரு இலவச மென்பொருளை விரலளவு சாதனமொன்றில் போட்டுத் தந்தார். அவர் சொன்னது பெரும்பாலும் சரி. பூட்டுப்போட்ட தட்டுகள் சிலவற்றை அது ஏற்க மறுத்தது. ஏற்றுக்கொண்டவற்றை மெதுவாக, பிழையில்லாமல் பிரதி எடுத்தது. படம் துல்லியம், ஒலி துல்லியம். அடியில் எழுத்து மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றையும் சோதித்துப் பார்த்தேன். பூட்டு, சப்டைட்டில் எல்லாவற்றையும் அது ஒரே அமுக்கில் முடித்தது. ஆனால் பணம் கட்டும்வரை ஒவ்வொரு பிரதியிலும் கதாநாயகியின் முகத்துக்குக் குறுக்கே தன் பெயரை எழுதி வைத்தது.

இலவசப் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சப்டைட்டில் வரவில்லை என்று தயங்கித்தான் சொன்னேன். சித்தப்பாவின் முகத்தில் ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. "அதுக்கென்ன, நான் சொல்லுறன்தானே. காசு கட்டாதையும், இதே காணும், போதும்," என்றார். அன்று மாலையே பிரம்புக் கதிரையைத் திருப்பிப் போட்டார். என்னுடைய செலவைக் குறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கிழமையே அந்த மென்பொருளுக்குப் பணம் கட்டினேன். என்னிடமே இருந்த அசல் தட்டுகள் எல்லாவற்றையும் திரும்பப் பிரதி எடுத்தேன். இலவசத்திலும் ஒரு சிறிய பெட்டியில் சரி போட்டிருந்தால் சப்டைட்டில் வந்திருக்கும் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்த நேரம். புதிய பிரதிகளில் சின்னம்மாவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது அவருக்கு மிகவும் பிடித்த பகிடிப் படம், சிரிக்கவென்றே எடுத்தது. அதில் பெண் பார்க்க வருகிற ஒரு காட்சி உண்டு. பெண்ணின் மாமனாக வருகிற கிழவரைப் பார்த்து, "பொண்ணைக் காட்டுங்க" என்கிறார்கள். அவர் வேட்டியை உயர்த்தி முழங்காலில் இருக்கும் புண்ணைக் காட்டுகிறார். அந்தக் கிழவருக்குக் காது நன்றாகக் கேட்கும், மாப்பிள்ளையைப் பிடிக்காததால் வந்தவர்களைக் கலைப்பதற்காகச் செவிடன் போல நடிக்கிறார் என்பது சின்னம்மா அறிந்த கதை. படத்திலேயே கெட்டிக்காரன் அந்தக் கிழவன்தான் என்பார். கல்யாண வீடுகளில் அந்தக் காட்சியை நடித்தே காட்டுவார்.

இப்போது எழுத்து ஓடியது. கிழவர் நடிக்கவில்லை. அவர் வெறும் செவிடர். வந்தவர்கள் அவரைச் செவிட்டு முட்டாள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சின்னம்மா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடியும் வாசித்தார்.

"நீங்கள் வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?"

சித்தப்பா அவரைப் பார்த்துத் திரும்பினார். பார்க்காமல் பதில் சொன்னால் அந்த வீட்டில் பதில் சேராது. "ஓம்," என்றார்.

"எத்தினை படத்தில இப்பிடிச் செய்தனீங்கள்?"

"ஞாபகமில்லை. அப்பிடி வாற இடங்களில மட்டும்."

சின்னம்மா ரிமோட்டை மடியில் வைத்தார். பிறகு, "எத்தினை பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பன். ஒருத்தரும் பிழையெண்டு சொல்லேல்லை," என்றார். குரல் உயரவில்லை. அவருடைய நடிப்பைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்பதை அவர் இனித்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

அதன்பின் அவர் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்த்தார். தனியாக. சித்தப்பாவை அறைக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா தேவாலய முற்றத்தில் பொழுதைப் போக்கினார். ஒருநாள் வங்கிக்கு எனக்கு ஃபோன் எடுத்தார். "இலவசத்தில எடுத்ததே காணும் எண்டு சொன்னனானே, பிள்ளை," என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொல்கிற தொனிதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

அடுத்த மாதம் நான் போனபோது, சின்னம்மா பெட்டியின் கடைசித் தட்டையும் பார்த்து முடித்திருந்தார். "மற்றதெல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். பாட்டைக்கூட வரி தவறாமல் சொல்லியிருக்கிறார்," என்றார். பாராட்டுப் போலத்தான் இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தொடர்ந்தார்: "எனக்கு எது நோகும் எண்டு என்னட்டைக் கேட்டிருக்கலாம். அவரே முடிவெடுத்திட்டார்." அடுப்படி வாசலில் நின்ற சித்தப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டது.  அன்றிரவு இருவரும் பல நாளைக்குப் பிறகு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள் என்று லண்டனிலிருந்து மகள் ஃபோனில் எனக்குச் சொன்னாள்.

இன்று கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் தட்டுப் போடும் வாயே இல்லை. நான் பணம் கட்டி வாங்கிய மென்பொருள், பழைய கணினியோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டது. இப்போது இணையத்தில் படம் பார்க்கிற காலம்; இலவசமும் காசும் அங்கே வேறு விதமாகப் பிரிந்திருக்கின்றன. இரண்டிலும் சப்டைட்டில் வருகிறது. தியேட்டர்களில்தான் எப்போதும் வருவதில்லை. சென்ற வருடம் சின்னம்மாவின் பிறந்தநாளுக்கு அவர்கள் இருவரையும் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். படம் புதியது, அடியில் எழுத்து இல்லை. இருட்டில் சித்தப்பாவின் வாயும் தெரியாது. இடைவேளைவரை சின்னம்மா படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். நடுவில் சனம் விழுந்து விழுந்து சிரித்த ஒரு இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளை வெளிச்சம் வந்ததும், தின்ன வாங்கிய மீன் பற்றிஸ் கையில் இருக்க, சித்தப்பா பக்கம் திரும்பினார். "அதில என்ன சொன்னவங்கள்?"

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார். காது கேளாத ஒருவனைப் பற்றிய பகிடி. ஒரு சொல்லையும் விடவில்லை. அவருடைய உதடு அவ்வளவு மெதுவாக அசைந்ததை நான் முன்பு கண்டதில்லை.

சின்னம்மா மென்று விழுங்கிவிட்டு யோசித்தார். "இதுக்கே இந்தச் சனம் இப்பிடிச் சிரிச்சது?"

"ஓம்."

"பெரிசா ஒண்டும் இல்லையே," என்றார். "சரி, மிச்சத்தைச் சொல்லுங்கோ. லைட்டை நிப்பாட்டப் போறாங்கள்."