உட்கார்ந்தே கடந்த பாலம்

ரயிலில் போகிறவருக்கு ஜன்னலோரம் வேண்டும். தண்டவாளத்தில் நடந்து பிழைக்கிறவனுக்கு ஒதுங்க ஏதாவது ஓர் ஓரம் கிடைத்தால் போதும். கூடுவாஞ்சேரியில் ஏறி, ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் கீமேன். சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, வண்டியை நிறுத்தும் பட்டாசு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தினமும் பாதையைச் சோதித்தபடி நடப்பது என் வேலை. படாளம் பக்கம் என் எல்லையில் ஒரு பழைய இரும்புப் பாலம் வந்து சேர்ந்தது. எனக்கோ உயரம் என்றால் உதறல். வெளியே தெரிந்தால், ஐந்து வருஷம் காத்திருந்து வாங்கிய கீமேன் வேலை போய்விடும்.

கொக்கி போல்ட்

அந்தப் பாலத்தில் நடைபாதை கிடையாது. தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஆறு தெரியும். முதல் நாள் பாதிப் பாலத்தில் கால் வரமாட்டேன் என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே! எதிரில் கட்டையைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட் இருந்தது, அதை முடுக்கினேன். பிறகு உட்கார்ந்தபடியே அடுத்த கட்டைக்கு நகர்ந்து அதையும் முடுக்கினேன்.

கரையில் நின்றிருந்த எங்கள் மேஸ்திரி தசரதன் மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாமா பாக்குறான் பாரு! போல்ட்டு போல்ட்டா உக்காந்துகினு பாக்குறான். நீங்களும் கீறீங்களே!"

கண்ணை மூடிக் கடமை

வண்டி வந்தால் ஒதுங்க, பாலத்தின் பக்கவாட்டில் கம்பி போட்ட சின்ன மேடைகள் உண்டு. ஒருநாள் பாசஞ்சர் வந்தது. மேடையில் ஏறிக் கம்பியைக் கட்டிப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பாலம் மொத்தமும் நடுங்கியது. அதில் என் பங்கு எவ்வளவு என்று தெரியாது. பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும், அதுதான் வினையாகிப் போனது. வாசற்படியில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டார்.

"அண்ணாத்த, கண்ணத் தொற! நாங்கதான் போறோம், பாலம் எங்கியும் போவல!"

கிடைத்த பரிசு

தண்டவாளத்தில் தள்ளிவரும் டிராலியில் இன்ஜினியர் வந்தார். அவர் எதிரில் நடுங்காமல் நடக்க முடியுமா? வழக்கம்போல உட்கார்ந்தே நகர்ந்தேன். நல்ல வேளை, ஒரு போல்ட் விரிசல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். அவருக்கு ஏக சந்தோஷம். முதுகில் தட்டிக்கொடுத்தார், அந்த இடத்தில் தட்டிக்கொடுப்பது ஆபத்து என்று அவருக்கு யார் சொல்வது? மாதம் ஒருமுறை மேஸ்திரியும் பாலத்தில் ஏறிச் சரிபார்க்கவேண்டும் என்று ஞாபகப்படுத்தினார்.

தசரதன் கரையில் நின்றபடியே கும்பிட்டார். "அவன் பாத்தா நான் பாத்த மாதிரி சார்!"

மார்கழிக் காலை

குளிரில் தண்டவாளம் சுருங்கி வெடிக்கும். அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம், எனக்கும் மேஸ்திரிக்கும் கண்ணெதிரே விரல் நுழைகிற அளவு வெடித்துக் கிடந்தது. செங்கல்பட்டிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. போன் போட்டால், முந்தின ஸ்டேஷனையும் தாண்டிவிட்டது என்கிறார்கள். கொடியும் பட்டாசும் என் கையில். வண்டி வருவதோ அந்தக் கரையில்.

ஓடினேன். எந்தக் கட்டையில் கால் வைத்தேன், எதைத் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. தூரம் போய்ப் பட்டாசு வைத்துக் கொடியை ஆட்டினேன். பட்டாசு வெடித்தது, வண்டி பாலத்துக்கு முன்பே நின்றது. நானும் பாலத்தின் அந்த முனைக்குத் திரும்பி வந்தேன். அப்போதுதான் ஆற்றைப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தசரதன் கரையேறி வந்தார். பாலத்தின் மேலிருந்து அல்ல. கீழே ஆற்றிலிருந்து, பேன்ட் முழங்கால் வரை சொட்டச் சொட்ட. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பயமா கீது மேஸ்திரி, திரும்பிப் போவ முடியாது. என்னை மாத்திடுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பேன்ட்டைப் பிழிந்தபடி மெதுவாகச் சொன்னார். "வாய மூடுறா! உன்ன மாத்திட்டா அப்புறம் நான்ல பாலத்துல ஏறணும்?"

இப்போது அந்தப் பாலத்தில் அகலமாக நடைபாதை போட்டுவிட்டார்கள், இருந்தும் நான் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். அது கடமை உணர்ச்சி என்று ஆபீஸ் நம்புகிறது, உண்மை தெரிந்தவர்கள் நானும் தசரதனும் அந்தக் கீரைக்கார அம்மாவும்தான்.