நீலக் காரும் மாடி வீட்டுக் காகங்களும்

என் காரின் பானட்டில், ஓட்டுகிறவர் பக்கமாக, கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெளிறிய தடம் இருக்கிறது. அடர்நீலப் பெயின்ட்டில் அந்த இடம் மட்டும் பளபளப்பு செத்து, உற்றுப் பார்த்தால் தோல் சுருங்கியது போலத் தெரியும். ஆழ்வார்பேட்டையில் பாலிஷ் போடும் கடைக்காரர் இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது மேல இருக்கிற அழுக்கு இல்ல மேடம், உள்ள எறங்கிடுச்சு" என்று கைவிட்டார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. பள்ளியில் வேதியியல் நடத்தியே தலை நரைத்தவள் நான். பறவை எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறி இளகிய பெயின்ட், பொழுது சாய்ந்து குளிரும்போது எச்சத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். அதற்குப் பிறகு எதைப் போட்டுக் கழுவினாலும் தடம் நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாடி வீட்டு போஸ்ட்மாஸ்டர் நினைவுக்கு வருகிறார்.

காரை வாங்கியவர் என் கணவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஸ்கூட்டரில் போய்வந்தவர், ஓய்வு பெற்றதும் கார் வாங்கியே தீருவேன் என்று நின்றார். நிறத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று வாரம். வண்டி வந்த பிறகு தினமும் காலையில் காபி டம்ளரோடு அதைச் சுற்றிவந்து, சாய்ந்த வெளிச்சத்தில் கீறல் தெரிகிறதா என்று பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் முகத்தை ஒருநாளாவது இப்படிப் பார்த்தீர்களா என்று கேலி செய்வேன். "எச்சம் விழுந்தா தேய்க்காதே. ஈரத்துணியப் போட்டு ஊற வை, தானா விட்டுடும்" என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே கார் பாடம். நாலு மாதம்தான் ஓட்டினார். ஒரு காலை பானட்டில் கையை ஊன்றியபடி நின்றவர், அப்படியே சரிந்தார். பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கும், மாதம் ஒருமுறை அவருடைய கல்லறைக்கும் தவிர வேறெங்கும் எடுப்பதில்லை. ஆனால் ஒரு கீறல் விழ விட்டதில்லை. அவர் விட்டுப்போனதில் என்னால் பார்த்துக்கொள்ள முடிந்தது அது ஒன்றுதான்.

மயிலாப்பூரில் எங்களுடையது நாலே வீடுகள் உள்ள பழைய குடியிருப்பு. கேட்டை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே என் கார். என் வீட்டுக்கு நேர் மேலே போஸ்ட்மாஸ்டர் இருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் வெளிநாட்டில். தானே சமைப்பார். அவர் தாளிக்கும் வாசனை ஜன்னல் வழியாக இறங்கும்போது பாதி நாள் கடுகு கருகியிருக்கும். பத்தரை மணிக்குப் பருப்பும் நெய்யும் பிசைந்த ஒரு பிடி சாதத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கை எடுத்த பிறகுதான் அவர் இலை போட்டுக்கொள்வார். இந்தக் காக்கைகளுக்கு ஒன்பதரைக்கே பசி வந்துவிடும். வந்து காத்திருக்க அவை தேர்ந்தெடுத்த கிளை, என் காருக்கு நேர் மேலே இருந்தது.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. உறை வாங்கிப் போட்டேன். உறைக்குள் புகுந்த மணல் காற்றில் உரசிக் கீறல் விழுந்துவிடும் என்று பயந்து எடுத்தேன். பழைய சிடிகளைக் கிளையில் கட்டினேன்; காக்கைகள் அதில் முகம் பார்த்தன. கடைசியில் மாடியேறிப்போய் அவரிடமே தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனிதர் கூனிக் குறுகிவிட்டார். மறுநாளிலிருந்து சாதம் மாடியின் பின்மூலைக்குப் போயிற்று. காக்கைகளுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை, அதே கிளையில்தான் உட்கார்ந்தன. பிறகு அவரே ஒரு மக்கில் தண்ணீரும் கையில் துணியுமாகக் கீழே இறங்கிவர ஆரம்பித்தார். நான் பள்ளியிலிருந்து வரும்போது எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பொறுமையாக நிற்பார். உங்களுக்கு எதற்கு சார் இந்த வேலை என்றேன். "என் ஆத்துக்காரி பண்ற அசிங்கம், நான்தானே தொடைக்கணும்" என்று சிரித்தார். கண்புரை விழுந்த கண், பாதி எச்சத்தை விட்டுவிடுவார். மீதியை அவர் போன பிறகு நான் துடைப்பேன்.

அந்த மே மாதம் ஒரு வாரம் திருச்சியில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே பானட்டில் காய்ந்த எச்சம் கண்ணில் பட்டது. என் கணவர் கடைசியாகக் கையை ஊன்றி நின்ற அதே இடம். ஊறவைத்தேன், கழுவினேன், தடம் அப்படியே இருந்தது. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வாசலிலேயே நின்று அழுதேன். காலையில் வண்டி துடைக்க வரும் பெண்மணி அப்போது பக்கத்து வீட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி, மீன்காரக் குடும்பம். "இன்னா டீச்சரம்மா, இதுக்குப் போயா அய்வுற? எங்காண்ட மீன் காய வெக்கிற எடத்துல செத்த காக்கா ஒண்ணு கட்டித் தொங்க வுட்ருவோம். அப்பால ஒண்ணு கூட கிட்ட வராது" என்றாள். எனக்கிருந்த ஆத்திரத்தில் சரி என்று தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்து, அலையடித்து ஒதுங்கியதாம், ஒரு செத்த காக்கையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். மீன்வலை நைலான் நரம்பில் அதன் காலைக் கட்டி, கிளையில் இலை அடர்ந்த பக்கமாகத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை முழுக்கக் காக்கைகள் கத்திய கத்தல் இன்றும் காதில் இருக்கிறது. எங்கிருந்தோவெல்லாம் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. போஸ்ட்மாஸ்டர் மாடிப்படியில் நின்று, "என்ன டீச்சர், இன்னிக்கு இப்படிக் கத்தறதுகள்?" என்று கேட்டார். "தெரியலையே சார்" என்றேன். மறுநாள் மரம் காலியாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. கார் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் மேலே நின்று கூப்பிடும் குரல் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்பதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டுக் காக்கைகள் வேறு மரத்துக்குப் பழகிக்கொள்ளும், அவர் சாதத்துக்கு வராமலா போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மாடியில் ஹோமப் புகை வாசனை வந்தது. சாஸ்திரிகள் வந்தார், மந்திரம் கேட்டது, பதினொன்றரைக்குச் சாஸ்திரிகள் கிளம்பிப் போய்விட்டார். பிறகு மொட்டைமாடியிலிருந்து, "கா... கா..." பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, அரைமணி கழித்து ஒருமுறை. ஒன்றரைக்கு நான் மேலே போனேன். ஈர வேட்டி உடம்பிலேயே காய்ந்திருக்க, கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் பிண்டம் வெயிலில் வறண்டுகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நாலைந்து காக்கைகள் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. "இன்னிக்கு அவ திவசம் டீச்சர். ஒண்ணுகூட எடுக்க மாட்டேங்கறது" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடுங்கள் சார் என்றேன். "கடைசி நாள் ஆஸ்பத்திரியில மோர் கேட்டா. ஒரு வாய் போறும்னா. டாக்டர் கூடாதுன்னுட்டார். நாளைக்குத் தரேன்டின்னு சொன்னேன். கார்த்தால அவ இல்லை." கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். "தினம் வந்து எடுத்துண்டு போனாளே, மனசு ஆறிடுத்துன்னு நினைச்சேன். ஆறலை போலிருக்கு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சார், உங்கள் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை, கீழே மரத்தில் நான் ஒரு செத்த காக்கையைக் கட்டிவைத்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியம். வாயில் வந்தது, "அப்படியெல்லாம் இருக்காது சார்" மட்டும். கீழே ஓடினேன். துணி உலர்த்தும் கொம்பில் அரிவாளைக் கட்டி, நரம்பை அறுத்து, அதை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குக்கூடக் கொண்டுபோக முடியாமல் மரத்தடியிலேயே தோண்டிப் புதைத்தேன். எதிர்த்தொட்டியிலிருந்து அவை அதையும் பார்த்திருக்கும். ஐந்து மணிவரை இருந்துவிட்டு அவர் பிண்டத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, மாடவீதிப் பக்கம் ஒரு பசுவைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மேலே தாளிக்கும் வாசனையே வரவில்லை.

காக்கைகள் திரும்பவில்லை. அவர் மேலும் இரண்டு வாரம் சாதம் வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் மாடிக்குப் போவதை விட்டுவிட்டார். நான் ஞாயிறன்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "என்கிட்ட சொன்னது சரி, அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார் பங்குத்தந்தை. நாளை நாளை என்று தள்ளினேன். அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம் ஒன்று. காக்கையாவது கோபமாவது என்று என் வேதியியல் எனக்குச் சொல்லித்தந்த சாக்கு இன்னொன்று. கல்லறையில் சலவைக்கல்லைத் தடவிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். என் மனிதர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு ஒரு விலாசம் உண்டு. போஸ்ட்மாஸ்டருக்கு இருந்ததெல்லாம் அந்தப் பத்தரை மணிதான்.

ஆவணியில் மகள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனாள். வாடகைக் கார் நிற்கும்போதே என் கதவைத் தட்டி ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே கைக்குட்டை அளவுக்கு வெட்டி அடுக்கிய மெல்லிய பருத்தித் துணிகள், வெளிறிய மாம்பழ மஞ்சள். முன்பு அவர் எச்சம் துடைத்த துணியும் இதே நிறம்தான் என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது. "என் ஆத்துக்காரியோட நூல் புடவை. பழசு, மெத்துன்னு இருக்கும். உங்க வண்டியில கீறல் விழக்கூடாதேன்னு இதைத்தான் நனைச்சுப் போடுவேன். இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். பையை வாங்கிக்கொண்டேன். ஜாக்கிரதையாகப் போய்வாருங்கள் சார் என்றேன். அவருடைய கார் தெருமுனை திரும்பும்வரை சொல்லவில்லை. மார்கழியில் அங்கேயே இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

இப்போது மாடியில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றாயிற்று, பகலெல்லாம் வீட்டில்தான். சில நாள் பத்தரைக்குச் சாதத்தில் நெய்விட்டுப் பிசைந்து, ஒரு டம்ளர் மோரும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். எனக்குக் கூப்பிடத் தெரியாது, அவர் குரலை நினைவில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்க்கிறேன். எதிர்த்தொட்டியில் இருப்பவை தலையைச் சாய்த்துப் பார்க்கின்றன, வருவதில்லை. கீழே இறங்கிவந்து காரைச் சுற்றி ஒரு நடை நடக்கிறேன். பானட்டில் அந்தப் பழைய தடத்தைத் தவிர ஒரு புள்ளி கிடையாது. புடவைத் துணிகள் டிக்கியில் அவர் அடுக்கிக்கொடுத்தபடியே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் இன்னும் நனைக்கவில்லை. வண்டியில் துடைக்க எதுவும் விழுவதில்லை.