காலில்லாத பூச்சி

என் மனைவி பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டாள். பூச்சி என்பாள். பேரைச் சொன்னால் வந்து நிற்குமாம். எங்கள் குப்பத்தில் பலரும் விளக்கு வைத்தபின் அப்படித்தான் பேசுவார்கள். இவளுக்கோ பட்டப்பகலிலும் அதே பயம். கல்யாணமான நாள் முதல் இதை வைத்து அவளைச் சீண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஒருநாள் அந்தப் பூச்சி என்னையே தீண்டியது.

சவுக்குத் தோப்போரம் குவித்திருந்த வலையைக் காலையில் இருவருமாக இழுத்துக்கொண்டிருந்தோம். குக்கர் விசில் விடுவதற்கு முன் சீறுமே, அப்படி ஒரு சத்தம். கணுக்காலில் சுருக்கென்றது. கண்ணாடி விரியன், அவசரமே இல்லாமல் சருகுக்குள் போனது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏரிக் காற்றுக்கும் கடல் அலைக்கும் தப்பியவன், சொந்த வலைக்கடியில் கிடந்ததிடம் மாட்டினேனே! கயிறு கட்டலாம், கீறி விடலாம் என்று யோசனை சொன்னவர்களை அதட்டித் தள்ளிவிட்டு, அவள் என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரி போவதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டிருந்தேன். வாயைத் திறக்க முடியவில்லை. பேச வேண்டியவள் அவள்தான்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் நர்ஸ்.

"பூச்சி கடிச்சிடுச்சி, சிஸ்டர்."

போச்சுடா என்று நினைத்தேன். குளவி கொட்டியவர்களோடு பெஞ்சில் உட்கார வைக்கப்போகிறார்கள், அவ்வளவுதான் நம் கதை. நர்ஸ் என் காலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பூச்சி? காலு இருக்கறதா, இல்லாததா?"

"இல்லாதது."

"ஒடம்புல எப்படி இருந்துச்சி?"

அவள் தன் முன்கையில் விரலால் வட்டம் வட்டமாகச் சங்கிலி கோத்துக் காட்டினாள். நர்ஸ் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அடுத்த நிமிடம் நான் கட்டிலில் இருந்தேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கைகூப்பத் தோன்றுகிறது.

என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆடாமல் வைத்தார்கள். சற்று நேரம் கழித்துச் சாய்த்தபோது, உறைந்திருக்க வேண்டியது தண்ணீராக ஓடியது. ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கை எல்லாம் விஷம் தின்று தீர்த்துவிட்டதாம். விஷமுறிவு மருந்து ஏறியது. மறுநாள் ரத்தம் ஒழுங்காக உறைந்தது. தப்பித்தோம் என்று வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தால், ஒண்ணுக்கு வரவில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். விஷத்தால் ரத்தத்தில் பொடிப்பொடியாகக் கட்டிகள் உண்டாகி, சிறுநீரகத்தின் சல்லடைக் கண்களில் போய் அடைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தமும் விழுந்துவிட்டால், உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் பட்டினியாலேயே செத்துப்போகும். எனக்குப் புரிந்தது. பாசி அடைத்த வலை.

"வலைன்னா அலசிப் போட்டுடுவோம். இதுக்கு இன்னா பண்றது?" என்றாள் மனைவி.

"அந்தக் குழாய்ங்க திரும்ப வளரும்மா. நிறைய பேருக்கு வளர்ந்திருக்கு. இவருக்கும் வளரும்னு சத்தியம் பண்ண முடியாது."

சென்னைக்கு அனுப்பினார்கள். கை, கால், முகமெல்லாம் வீங்கிக் கிடந்தேன். என் ரத்தத்தை ஒரு மிஷின் உறிஞ்சி, சுத்தம் செய்து, திருப்பிக் கொடுத்தது. ஆயுசுக்கும் இந்த மிஷினோடு கட்டிப்போட்ட படகாகிவிடுவேனோ என்று அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். குப்பமே போன் போட்டது, ஒரே கேள்வியோடு: ஒண்ணுக்குப் போனாரா? சுண்ணாம்புக்குளத்து மாமனார் என்னிடம் 'வாங்க'வுக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனுஷர். அவரும் தினம் வெட்கத்தை விட்டு விசாரித்தார். "இன்னும் இல்ல நைனா" என்பாள் அப்பாவிடம். பிறகு முகம் கழுவப் போவாள். திரும்பும்போது கண் சிவந்திருக்கும். நான் பார்க்காதது மாதிரி சுவரைப் பார்ப்பேன்.

மிஷினால் ரத்தத்தைக் கழுவத்தான் முடிந்தது. உள்ளே ஒரு குழாயைக் கூட வளர்க்க முடியவில்லை. அதை என் உடம்பு, என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், தானே செய்துகொண்டிருந்திருக்கிறது. இந்த உடம்பையா இத்தனை வருஷம் பீடி கொடுத்து ஏமாற்றினேன்!

ஒரு காலையில் வந்தது. ஒண்ணுக்குப் பிடிக்கிற டப்பாவின் அடி நனைகிற அளவு, கட்டங்காப்பி நிறத்தில். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு கையில் போனை எடுத்துக்கொண்டு அப்படியே வராந்தாவுக்கு ஓடினாள். அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"நைனா! வந்துடுச்சி நைனா! அந்தப் பாம்பு தோத்துச்சி! பாம்பாம் பெரிய பாம்பு, என் புருசன இன்னா பண்ணிடுச்சி அது?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று நம்புகிறவள், வரட்டும் என்று நின்றிருந்தாள், கையில் அந்த டப்பாவோடு.