சுருதிப் பெட்டியும் ஈ செவனும்

எங்கள் இன்னிசைக் குழுவின் தலைவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஜனைக் கோஷ்டியிலிருந்து வந்தவர். கல்யாண மேடையில் குத்துப் பாட்டு பாடினாலும் பக்கத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. ஏன் என்று ஆரணியில் யாரும் கேட்டதில்லை. பத்து வருடம் அவரிடம் கீபோர்டு வாசித்த நானும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு பட்டுக்கடை வீட்டு வரவேற்புக்கு எங்களைப் பேசினார்கள். மாப்பிள்ளை பழைய ஜாஸ் பாட்டு ஒன்று வேண்டும் என்றார். ஏ மைனரில் அமைந்தது. மூன்று மாதமாக வீட்டில் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே பாட்டு. என் ஊர் ஜனம் அதை ஒரு தடவையாவது சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அந்தப் பாட்டின் சூட்சுமம் இதுதான். டி மைனர், ஜி செவன், சி மேஜர் என்று, சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளாலேயே முதலில் வெளிச்சமான இடத்துக்குக் கூட்டிப் போகும். அங்கே உட்காருவதற்குள் பி ஹாஃப் டிமினிஷ்ட், அடுத்து ஈ செவன். சற்று முன்பு வெறும் ஜி-யாக இருந்த ஸ்வரம் இப்போது ஜி ஷார்ப். இன்னும் அரை ஸ்வரம் ஏறி ஏ-யில் போய் விழ அது தவிக்கும். அந்தத் தவிப்புதான் பாட்டே. ஏ மைனர் வந்த பிறகுதான் கேட்பவனுக்கு மூச்சு வரும்.

ஒத்திகையில் தலைவரிடம் சொன்னேன்.

"இந்தப் பாட்டுக்கு மட்டும் பெட்டிய நிறுத்திடுங்கண்ணே. அது மொதல்லருந்தே ஏ-லயே கத்திகினு இருந்தா, ஜி ஷார்ப் அப்புறம் எங்க போவும்?"

"சுருதி இல்லாம பாடறதுக்குப் பேரு கச்சேரியா? நீ மொதல்ல ஒரு நிஷாதத்த முடிவு பண்ணு. ரெண்டையும் போட்டு பேஜார் பண்ணிகினு!"

ஏ-தான் அவருக்கு ஸட்ஜமம்; ஜி-யும் ஜி ஷார்ப்பும் அதன் இரண்டு நிஷாதங்கள். தபேலாக்காரர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மேடையில் முதல் சுற்று முழுவதும் பெட்டி ஓடியது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார்.

கடைசிச் சுற்றில் ஈ செவனை அழுத்தினேன். அதோடு கையை எடுத்துவிட்டேன். ஏ மைனரைக் கொடுக்கவில்லை. பாட்டு அந்தரத்தில் தொங்கட்டும், அந்த ஆளின் மானம் போகட்டும் என்று எழுந்து இறங்கினேன்.

கூட்டம் கைதட்டியது. பெட்டிதான் ஏ-யிலேயே நின்றுகொண்டிருந்ததே, பாட்டு வந்து சேர்ந்துவிட்டதாகவே அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள். மேடைக்குக் கீழே நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முடிச்சீங்க பாருங்க, அது சூப்பருங்க."