நின்றுபோன படம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் செக்யூரிட்டி அண்ணன், பேசும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கண் கணினித் திரையிலேயே இருக்கும். கை அதிலுள்ள கமரா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருக்கும். மரியாதை தெரியாதவர் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு மாலை மகளைக் காணாமல் அவரிடம் போனேன். திரையின் மூலையில், நீச்சல்குளப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தா இருக்கிறாள்," என்றேன்.

"பொறுங்க மிஸ். நான் கிளிக் பண்ணாத விண்டோ அப்படியே நின்னுரும். இது எப்பவோ உள்ள படம்."

சொடுக்கினார். படியில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது.

ஓடினேன். குளத்தோரத் தூணுக்குப் பின்னால் சிநேகிதியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளை இறுகப் பிடித்தபடி திரும்பி வந்தபோதும் அவர் நிமிரவில்லை. குளத்தின் ஜன்னலையே திரும்பத் திரும்பச் சொடுக்கிக்கொண்டிருந்தார். முன்பு எந்தப் படத்தை நம்பி ஏமாந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.