அடைப்புக்கு வெளியே இருந்த வேண்டுதல்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு, அர்ச்சனைப் பெயர்களை இப்போது வாட்சப்பில் அனுப்புகிறார்கள். பதுளையில் கம்ப்யூட்டர் படித்த என் மகள், "பேரையும் நட்சத்திரத்தையும் சதுர அடைப்புக்குள்ள போடுங்க, மத்தத மிஷின் தள்ளிரும்" என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்களுக்குப் பெயரை மட்டும் அனுப்பத் தெரியாது. மருமகள் கோபித்துக்கொண்டு லுணுகலைக்குப் போனது, மாட்டுக்குப் பால் வற்றியது, எல்லாம் சேர்ந்துதான் வரும். சாமிக்கு விவரம் தெரிய வேண்டாமா?

அடைப்புக்குள் இருப்பதை மட்டும் உருவி எடுக்க மகள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினாள். "கொடியேத்தத்துக்கு இது சரியா வந்தா தேருக்கும் ஒங்கிட்டதான். இல்லாட்டி பழையபடி நானே எழுதிக்கிறேன்" என்றார் கோயில் தலைவர். மகள் அன்று சாப்பிடவே இல்லை.

பூசைக்கு முன் மைக் சோதிக்க ஆள் தேடினார்கள். தூணோடு தூணாக நின்ற என் கையில், மகள் அச்சடித்துக் கொடுத்திருந்த பெயர்த் தாளைத் தலைவர் திணித்தார். "சும்மா வாசிங்கண்ணே."

சங்கக் கூட்டத்திலேயே கடைசியில் நிற்பவன் நான். தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். முதலில் சில பெயர்கள் ஒழுங்காக வந்தன. பிறகு என் பெயர், பூரம். அதோடு நிற்கவில்லை. "நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து பேச இந்த மனுசனுக்குத் தைரியம் குடு சாமி." அதன் பின்னால் மகள் பெயர், உத்திரம்.

வாசித்த பிறகுதான் விளங்கியது, அனுப்பியது என் மனைவி என்று. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவில்லை.

மகள் ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். "அம்மா ஒரே வரியில ரெண்டு பேரு போட்டிருக்காங்கப்பா. நான் \[(.*)\] னு எழுதிட்டேன். மொத அடைப்பு தொறந்த எடத்துல இருந்து கடைசி அடைப்பு மூடுற வரைக்கும் அள்ளிருச்சு."

"அதுக்கு அவ்வளவு பேராசையா?"

"ஆமாப்பா, இங்கிலீசுல அதுக்குப் பேரே 'கிரீடி', பேராசைதான்."

நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். \[(.*?)\]. இனி முதலில் மூடும் அடைப்பிலேயே நின்றுவிடுமாம். மறுபடி எடுத்த தாளில் பெயரும் நட்சத்திரமும் மட்டுமே இருந்தன. தலைவர் கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"சரி புள்ள, தேருக்கும் நீயே செஞ்சிரு. ஒங்கப்பாவே வாசிக்கட்டும்."

"ஐயோ, என்னால முடியாதுங்க!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"பாத்தீங்களா, கேட்டதும் குடுத்துட்டாரு சாமி" என்றாள் மனைவி.

தேரன்று நான்தான் வாசித்தேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் கூச்சம். எழுதி முடித்தது இன்று, தைப்பொங்கலுக்கு மறுநாள்.