உள்ளிருந்து மூன்று தட்டு

அன்று கப்பலின் மேல்தளத்தில் இருந்தவர்கள்: கேப்டன், தளத்து ஆட்களை மேய்க்கும் என் அக்கா புருஷன், கண்டெய்னரோடு வந்து ஏறிய மூக்குக்கண்ணாடிக்காரர், நான். இன்னொருவரும் இருந்தார். அவரைக் கடைசியில் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது எனக்கு.

மில்லில் இரவு வேலையை உதறிவிட்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்த என்னை, எலக்ட்ரீஷியனாகச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டவர் மச்சான்தான். "அந்தக் கண்டெய்னருக்குள்ள மருந்துடா. கரண்ட் போகாம பாத்துக்க. கதவத் தொடாத" என்றார்.

எந்தக் கண்டெய்னரையும் பூட்டுமுன் மூன்று முறை தட்டிக் காது கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளே ஆள் சிக்கிவிடக் கூடாதே.

நல்ல வெயில். கண்ணாடிக்காரர் அந்த மருந்துக் கண்டெய்னருக்குள் எதையோ சரிபார்த்து வெளியே வந்தார். மச்சான் கதவைச் சாத்தினார். தட்டவில்லை. கைப் பழக்கத்தில் நான் தட்டினேன்.

டொக்... டொக்... டொக்.

பதில். உள்ளிருந்து.

"மச்சான், உள்ள ஆள் இருக்கு."

"வெயில்ல இரும்பு விரியுது."

"மூணுன்னு எண்ணியா விரியும்?"

கேப்டன் கடலைப் பார்த்தார். மச்சான் பூட்டினார்.

உள்ளே ஒருவன் வெந்து சாவானே. மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும் பூட்டை அறுத்தேன்.

ஆள் இல்லை. மருந்தும் இல்லை. நான்கு நீளக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஏவுகணை. சரக்குக் கப்பல் வேடத்தில் போருக்குப் போய்க்கொண்டிருந்தோம். யாராவது திருப்பி அடித்தால் முதலில் சாவது நாங்கள்.

கதவின் உட்புறம் நெளிந்திருந்தது. நெஞ்சு உயரத்தில், முஷ்டி அளவில். மும்மூன்றாக...

டொக்.

இப்போது என் முதுகுக்குப் பின்னால்.

ஓடினேன்.

அடுத்த துறைமுகத்தில் இறங்கி, நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"உள்ள ஏவுகணை இருக்குன்னு மச்சானுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். உனக்கு முன்னாடி இருந்த எலக்ட்ரீஷியன் அதப் பாத்துட்டு ஊரக் கூட்டுவேன்னான். அவன உள்ள வெச்சுப் பூட்டச் சொன்னாங்க. இவரு வழக்கம்போலத் தட்டுனாரு. பதில் வந்துச்சு."

"அப்புறம்?"

"பூட்டிட்டாரு. அதுலருந்து எந்தக் கதவையும் தட்டுறதில்ல."

"அந்த எடத்துக்கா என்னை அனுப்புனீங்க?"

"நீ வாயத் திறக்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "எம் பேச்சக் காப்பாத்துடா."

அன்று மேல்தளத்தில் இருந்த இன்னொருவர் யாரென்று புரிந்தது. எழுந்தேன். வாசலைத் தாண்டினேன்.

பின்னால் கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.